காஸ் பிளக் தைரியராஜ்

எண்பதுகளில் பாலக்கரையில் இறங்கி, “தைரியராஜ் வீடு எதுங்க?” என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். “காஸ் பிளக் வீடு” என்று கேட்டால் டீக்கடைக்காரர் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். பட்டப்பெயர் என்றால் அப்படி ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்.

தைரியராஜ் என்கிற நிஜப் பெயரை வைத்தது ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரா, பெற்றவள் வியாகுலம்மாளா தெரியாது. யாராக இருந்தாலும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மாதா கோவில் திருவிழாவில் வாணவேடிக்கை ஆரம்பித்தால், இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு பீடத்துக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் அவன். தீபாவளியன்று தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வரமாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து முடித்ததும் வேலை எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? துப்பாக்கித் தொழிற்சாலையில்!

வேலை கிடைத்ததும் தெரு அவனைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று பேசினார்கள். ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர் மதுரைவீரன், வௌவால் தொல்லை தாங்கமுடியவில்லை என்று, “டேமேஜ் பீஸ் ஏதாவது இருந்தா ஒண்ணு தள்ளிவிடுங்க தம்பி” என்று கேட்டே விட்டார். தைரியராஜ் குரலைத் தாழ்த்தி, “அதெல்லாம் ரகசியம்ங்க” என்பான். ரகசியம் என்னவென்றால், அவன் ஒரு முழுத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது.

அங்கே தயாரானது எஸ்.எல்.ஆர். என்கிற ராணுவத் துப்பாக்கி. பெல்ஜியத்துக்காரன் போட்ட டிசைன். நம் ஆட்கள் அதைப் பிரித்து அளந்து நம் ஊருக்குத் தோதாகச் செய்திருந்தார்கள். குண்டு குழலை விட்டுப் பாயும்போது பின்னாலேயே வருகிற புகையில் கொஞ்சத்தை ஒரு சின்ன ஓட்டை வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தப் புகை ஒரு தண்டைப் பின்னால் தள்ளும். தண்டு தள்ளுகிற வேகத்தில் காலித் தோட்டா வெளியே தெறித்து, அடுத்தது தானாக உள்ளே ஏறிக்கொள்ளும். சுடுகிறவனுக்கு விசையை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தப் புகை போகிற பாதையின் முனையில் மாட்டுகிற, விரல் அளவு எஃகுத் துண்டுக்குத்தான் காஸ் பிளக் என்று பெயர்.

தைரியராஜ் லேத்தில் கடைந்தது அந்தத் துண்டை மட்டும்தான். அதில் ஓட்டை போடுவது அடுத்த செக்‌ஷன், எழுத்துக் குத்துவது அதற்கும் அடுத்த செக்‌ஷன். ஒரு செக்‌ஷன்காரன் இன்னொரு செக்‌ஷனில் தலையை நீட்டக்கூடாது என்பது சட்டம். எல்லாம் முடிந்த பிளக்கை அளவு பார்த்துப் பாஸ் போடுகிறவர் ஸ்ரீரங்கம் உத்திர வீதி சௌரிராஜன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்ததில் சிநேகமாகிவிட்டார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் எடமலைப்பட்டி புதூரில் தைரியராஜுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் பெயர் லூர்துராணி. ஸ்கூல் டீச்சர். காப்பித் தட்டோடு வந்தவள் தலையைக் குனியாமல் அவனை நேராக ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், பயல் கவிழ்ந்துவிட்டான். அவளுக்கும் பிடித்துப்போயிற்று என்பது அவள் அம்மா அக்னஸின் முகத்திலேயே தெரிந்தது. பெண்ணின் அப்பா அற்புதசாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, “தம்பி எந்தத் துப்பாக்கி செய்றாப்ல?” என்று சந்தோஷமாகத்தான் கேட்டார்.

எஸ்.எல்.ஆர். என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளே!

“எஸ்.எல்.ஆர்.ங்கய்யா. முன்னாடி திரீ-நாட்-திரீன்னு ஒரு பழைய கட்டை இருந்துச்சில்லீங்களா? ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து இழுத்து விடணுமே? அத வச்சிக்கிட்டுப் போனதாலதான் அறுபத்திரண்டுல சீனாக்காரன்கிட்ட அடி வாங்குனோம். அதான் அதத் தூக்கிக் கடாசிட்டு எங்க துப்பாக்கியக் கொண்டாந்தாங்க” என்றான்.

அற்புதசாமி எழுந்தார். பெண் வீட்டார் தட்டில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, வியாகுலம்மாளைப் பார்த்து, “போயிட்டு வாங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அறுபத்திரண்டில் சீனாக்காரனை எதிர்த்து எல்லை மலையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். நின்றது திரீ-நாட்-திரீயோடு.

தைரியராஜ் வீடு திரும்பி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து லூர்துராணியே அவனைத் தேடி மாதா கோவில் வாசலுக்கு வந்தாள். துணைக்கு அக்னஸ் சற்றுத் தள்ளி நின்று மெழுகுவர்த்தி வாங்குகிற மாதிரி பாவனை செய்தாள்.

“உங்களுக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா?” என்றாள் லூர்துராணி. “எங்கப்பாவ என்ன வேணாச் சொல்லுங்க, கோவப்பட மாட்டாரு. அந்தத் துப்பாக்கியச் சொல்லலாமா? வந்து மன்னிப்புக் கேளுங்க. கேக்காட்டி வேற மாப்பிள்ளை பார்ப்பாங்க. நான் அழுதுகிட்டே அவனுக்குக் கழுத்த நீட்ட வேண்டியதுதான்.”

தனியாகப் போகப் பயந்து சௌரிராஜனையும் கூட்டிக்கொண்டு போனான். அற்புதசாமி அவனோடு பேசவில்லை. சௌரிராஜனைப் பார்த்துத்தான் பேசினார். “சாமி, இந்தப் பையனுக்குத் திரீ-நாட்-திரீன்னா என்னன்னு தெரியுமா?” என்றவர், வாசல் கதவண்டை போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தார். “தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. இவ்வளவுதான் சங்கதி. லீன்னு ஒருத்தன் போட்ட டிசைன், என்ஃபீல்டுன்னு ஒரு ஊர்ல செஞ்சது. ரெண்டு உலக யுத்தம் பார்த்தாச்சு. மத்த ஊர்த் துப்பாக்கியில கைப்பிடிய நெட்டுக்குத்தாத் தூக்கணும். இதுல கொஞ்சமாத் தூக்குனாப் போதும், கண்ண குறியிலேர்ந்து எடுக்கவே வேணாம். உள்ள பத்துக் குண்டு. மண்ணுல போட்டுப் புரட்டுங்க, பனியில போட்டு வைங்க, எடுத்தா சுடும்.”

சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினார். என்ன வேகம் என்கிறீர்கள்! தடக் தடக்கென்ற சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர், யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று ஓடிவந்துவிட்டார். வீட்டுத் தாழ்ப்பாள் இப்படி ஆடி ஆடியே கழன்றுபோய், அந்த வருஷத்தில் புதுசு மாற்ற வேண்டியிருந்தது என்று அக்னஸ் அலுத்துக்கொண்டாள்.

“அப்புறம் ஏங்க தோத்தோம்னு கேக்கறாப்லயா?” அற்புதசாமியின் குரல் இறங்கிவிட்டது. “ஆளுக்குக் கொஞ்சம் தோட்டா. பருத்திச் சட்டை, கேன்வாஸ் ஷூ. ஐஸ்ல நின்னோம். கீழ இறங்கி வந்ததும், துப்பாக்கி பழசு அதான் தோத்தீங்கன்னுட்டாங்க. துப்பாக்கி பழசுன்னா என்ன சாமி அர்த்தம்? அதப் புடிச்சிருந்த நாங்களும் உதவாக்கரைன்னுதானே?”

தைரியராஜ் கையைக் கூப்பினான். “தெரியாமச் சொல்லிட்டேன்ங்கய்யா, மன்னிச்சிருங்க” என்று மனசாரக் கேட்டான். அற்புதசாமி முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினார்.

“மன்னிப்பெல்லாம் வாயால வேணாம். குடியரசு தினத்துக்கு மறுநாள் நம்ம பட்டாளத்து முகாம்ல விழா. பழைய ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டுச் சுடச் சொல்லுவாங்க. நான் திரீ-நாட்-திரீ எடுக்கறேன். ஒரு ஜவான் உங்க எஸ்.எல்.ஆர். எடுக்கட்டும். தகரத் தட்டு ஆளுக்குப் பத்து. நீ முன்னாடி நின்னு பாரு. நான் ஜெயிச்சா, ‘பழசுதான் உசத்தி’ன்னு அத்தனை பேருக்கும் கேக்கச் சொல்லு. பொண்ண கூட்டிக்கிட்டுப் போ. தோத்தா இந்தப் பக்கம் வராத.”

பஸ்ஸில் வரும்போது சௌரிராஜன் சந்தேகத்தைக் கேட்டார். “ஏன் ஓய், அது தானா ஏத்திக்கறது. இவர் கையால இழுக்கணும். வயசு வேற ஆயிடுத்து. எப்படி ஜெயிப்பார்?”

“ஜெயிக்க மாட்டாரு சார்” என்றான் தைரியராஜ், அழாக்குறையாக.

அதற்கப்புறம் அந்தத் தொழிற்சாலையில் ஒரு அதிசயம் நடந்தது. தான் செய்கிற துப்பாக்கி தோற்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லுகிற தொழிலாளி ஒருவன் உண்டானான். வியாகுல மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான். போதாதென்று சௌரிராஜனிடம், “உங்க பெருமாள்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க சார்” என்றான். அவரும் ரங்கநாதரிடம் விண்ணப்பம் செய்து துளசி கொண்டுவந்து கொடுத்தார். லேத்தில் நின்று கடையும்போது, நல்லதாக வரவேண்டும் என்று கை தானாக வேலை செய்யும். விளங்காமல் போகவேண்டும் என்று வாய் முணுமுணுக்கும். பிழைப்பைப் பாருங்கள்.

விழா நாளும் வந்தது. முகாம் மைதானத்தில் ஷாமியானா, மைக், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அற்புதசாமி பழைய தொப்பியோடு மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். லூர்துராணி மஞ்சள் சேலையில் அக்னஸோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தைரியராஜ் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வியாகுலம்மாளோடும் சௌரிராஜனோடும் கடைசி வரிசையில் நின்றான். எஸ்.எல்.ஆர். சுட வந்த ஜவான் அடைக்கலம், துறையூர்ப் பக்கத்துப் பையன், சாதுவான முகம்.

போட்டி தொடங்கும் நேரத்தில் விழாவை நடத்திய கேப்டனுக்கு ஒரு குஷி பிறந்தது. “இந்தத் துப்பாக்கியைச் செய்கிற ஒருவர் இங்கேயே இருக்கிறார்!” என்று மைக்கில் அறிவித்துவிட்டார். சௌரிராஜன் பிடித்துத் தள்ள, தைரியராஜ் முன்னால் வந்து விழுந்தான். கூட்டம் கைதட்டியது. எது நீங்கள் செய்தது, காட்டுங்கள் என்றார் கேப்டன்.

அடைக்கலம் துப்பாக்கியைச் சாய்த்து, முன்பக்கத்தில் ஏதோ அழுத்தித் திருகினான். பிளக் அவன் கையில் வந்து விழுந்தது. அதை வாங்கி உயரத் தூக்கிக் காட்டினான் தைரியராஜ். அவன் கடைந்தது! மேலே எண்ணெய் மினுங்க, உள்ளங்கையில் கனமாக, அழகாக இருந்தது. தான் செய்த சாமானை அது சேரவேண்டிய இடத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். பயலுக்கு நெஞ்சு விம்மிவிட்டது. லூர்துராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள்.

“குடுங்கண்ணே, மாட்டிடறேன்” என்றான் அடைக்கலம்.

“நானே மாட்றேன் தம்பி” என்றான் தைரியராஜ். ஆயிரக்கணக்கில் செய்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்ன? கண் லூர்துராணி மேல் இருந்தது. கை பிளக்கை உள்ளே அழுத்தித் திருப்பியது. கடக்கென்று உட்கார்ந்தது. அதே நேரம் விசில் ஊதிவிட்டார்கள். அடைக்கலம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படுத்தான்.

முதல் வெடியில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தட்டு விழுந்தது. அற்புதசாமியின் கை தூக்கியது, இழுத்தது, தள்ளியது, இறக்கியது. இரண்டாவது தட்டும் போயிற்று. அடைக்கலம் விசையை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கைப்பிடியை இழுத்துவிட்டுச் சுட்டான், சுட்டது. மறுபடி அழுத்தினான், சுடவில்லை. மறுபடி இழுத்தான். ஏதோ வளையத்தைத் திருகினான், ஒன்றும் சரிப்படவில்லை. பக்கத்தில் கிழவர் தாழ்ப்பாள் தாழ்ப்பாளாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய கடைசித் தட்டு விழுந்தபோது, அடைக்கலத்துக்குப் பாதித் தட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பழைய பட்டாளத்துக்காரர்கள் அற்புதசாமியைத் தூக்கிவிட்டார்கள். தைரியராஜ் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னான். ரங்கநாதருக்கும் சொன்னான். சௌரிராஜன் வந்து அவன் காதில் கிசுகிசுத்தார்.

“ஓய், பிளக்ல ஒரு பக்கம் ஒரு எழுத்து, மறுபக்கம் ரெண்டு எழுத்து இருக்குமே, எதை மேல வச்சு மாட்டினீர்?”

“யாரு சார் பார்த்தது?”

“ரெண்டு எழுத்து மேல வந்தா புகை போற வழி அடைஞ்சுடும். துப்பாக்கி முனையில வெடிகுண்டு வச்சுச் சுடறதுக்கு உண்டான பக்கம் அது. அப்புறம் தானா ஏத்தாது, ஒவ்வொண்ணா இழுத்துத்தான் சுடணும். நீர் தலைகீழா மாட்டிட்டீர்!”

தைரியராஜுக்கு வேர்த்துவிட்டது. சௌரிராஜன் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். “வாயை மூடிண்டு நில்லும். பெருமாளே பார்த்துத் திருப்பி வச்சிருக்கார். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பொண்ணை ஆத்துக்கு அழைச்சிண்டு போற வழியைப் பாரும்.”

அற்புதசாமி மூச்சு வாங்க எதிரில் வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “என்ன மாப்ள, பார்த்தீங்களா? சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க!”

மாப்ள என்றே சொல்லிவிட்டார். பின்னால் லூர்துராணி முகம் சிவந்து நிற்கிறாள். தைரியராஜ் வாயைத் திறந்தான். அந்நேரம் பார்த்து கேப்டன் அடைக்கலத்தைப் பார்த்துக் கத்துகிற சத்தம் கேட்டது. துப்பாக்கியைத் துடைக்காமல் கொண்டுவந்து பட்டாளத்து மானத்தை வாங்கிவிட்டாயாம், இன்றைக்கே கார்டு ரூம் காவலில் போட்டு அடைக்கிறேன் பார் என்று. அடைக்கலம் விறைத்து நின்று, “துடைச்சேன் சார், நல்லாத் துடைச்சேன் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

தைரியராஜ் லூர்துராணியைப் பார்த்தான். அடைக்கலத்தைப் பார்த்தான்.

“அவன் மேல தப்பு இல்லீங்க சார்!” என்று கத்திவிட்டான். “துப்பாக்கி மேலயும் தப்பு இல்ல. நான்தான் பிளக்கத் தலைகீழா மாட்டிட்டேன்.”

அற்புதசாமியின் சிரிப்பு அப்படியே வடிந்தது.

“வேணும்னே மாட்டுனியா? கிழவன் ஜெயிச்சிட்டுப் போகட்டும்னு பிச்சை போட்டியா?”

“சத்தியமா இல்லீங்கய்யா! எனக்கு அத மாட்டவே தெரியாது. துப்பாக்கியத் தொட்டதே இன்னிக்குத்தான். கண்ணு...” நாக்கு குழறியது. “கண்ணு உங்க பொண்ணு மேல இருந்துச்சுங்க.”

எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. ஷாமியானா ஓரத்திலிருந்து, “காஸ் பிளக்கு!” என்று யாரோ கத்தினார்கள். அன்று பிடித்ததுதான் அந்தப் பெயர். அற்புதசாமி மட்டும் சிரிக்கவில்லை. “சரியா மாட்டுங்க” என்றார் கேப்டனிடம். “மறுபடி சுடுவோம்.”

தட்டுகளைப் புதுசாகக் கட்டினார்கள். பிளக்கை அடைக்கலமே மாட்டினான். விசில் ஊதியது. கிழவர் கை பழையபடி பறந்தது, ஒரு குறி தப்பவில்லை. ஆனால் அவர் பாதித் தட்டைத் தாண்டுமுன் பக்கத்தில் அடைக்கலம் சுட்டு முடித்து எழுந்து நின்றுவிட்டான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அற்புதசாமி மிச்சத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தைரியராஜ் வியாகுலம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானான். லூர்துராணி பக்கம் திரும்பவே அவனுக்குத் துணிவில்லை. அப்போது அற்புதசாமி அடைக்கலத்திடம் கையை நீட்டி, “அதக் கொஞ்சம் குடு தம்பி” என்றார். எஸ்.எல்.ஆரை வாங்கி, எடையைத் தூக்கிப் பார்த்தார். படுத்தார். தோளில் வைத்தார். சுட ஆரம்பித்தார்.

முதல் குண்டுக்கு அவர் கை பழக்க தோஷத்தில் தாழ்ப்பாளைத் தேடிப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்று, திரும்ப விசைக்கு வந்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. சடசடவென்று உள்ளே இருந்ததெல்லாம் தீரும்வரை சுட்டார். தீர்ந்த பிறகும் முகத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபடி வெகுநேரம் படுத்திருந்தார். அக்னஸ் பயந்துபோய் எழுந்து ஓடிவந்தாள்.

எழுந்து உட்கார்ந்தபோது மீசையெல்லாம் நனைந்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தைரியராஜைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அந்த மலையில எங்க செக்‌ஷன்ல மரியசூசைன்னு ஒருத்தன் இருந்தான். இழுத்துத் தள்ளுறதுக்குள்ள விழுந்துட்டான்” என்றார். துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவினார். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாய்யா இது?”

தைரியராஜ் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அற்புதசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, வியாகுலம்மாள் நின்ற பக்கம் பார்த்துப் பரேடு மைதானத்துக் குரலில் சொன்னார்.

“சம்பந்தியம்மா, இன்னிக்கே சாமியாரப் பார்த்து, கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கக் குடுத்துருங்க. தவக்காலம் வந்துட்டா கல்யாணம் வைக்க மாட்டாங்க. துப்பாக்கிதான் லேட்டா வந்துச்சு. மாப்பிள்ளையாவது நேரத்துக்கு வரட்டும்.”